தேடாதவர் கையில் சிக்கும் டப்பா

உலகின் முதல் ஜியோகேஷ் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்குத் தெற்கே பீவர்கிரீக் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், சாலையோர மரக்கூட்டத்துக்குள் அதைப் பாதி புதைத்து வைத்தவர் டேவ் உல்மர் என்ற கணினி ஆலோசகர். நாள் 2000 மே 3. வாளிக்குள் சில மென்பொருள்கள், வீடியோ கேசட்டுகள், புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஓர் உண்டிவில், ஒரு டின் பீன்ஸ், வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டும் பென்சிலும். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஜிபிஎஸ் ஆர்வலர்கள் கூடும் இணையச் செய்திக் குழு ஒன்றில் உல்மர் போட்டார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் தேடிவந்து கண்டுபிடித்துவிட்டார்கள்.

வாளியைக் கடைசியாகக் கண்டுபிடித்தது ஒரு புல்வெட்டும் இயந்திரம். ஓட்டியவருக்கு அங்கே வாளி இருப்பது தெரியாது. உள்ளே இருந்தவை சிதைந்துபோயின; தப்பியது பீன்ஸ் டின் மட்டும். அந்த டின் இன்றைக்கு ஜியோகேஷ் ஆட்டக்காரர்களிடையே ஏறக்குறைய புனிதப் பொருள். வாளி இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள்.

முதல் இருவரும் விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்களின் துணையோடு வந்தவர்கள். புல் வெட்டியவர் தன் வேலையைப் பார்க்க வந்தவர். இந்த இரண்டாம் வகை ஆட்களைப் பற்றி அறிவியல் என்ன சொல்கிறது என்று யோசித்தால், விஷயம் அணுக் கடிகாரத்தில் தொடங்கி மனிதக் கண்ணில் வந்து நிற்கிறது.

ஆட்டம் எளிமையானது. ஒருவர் மழை புகாத ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடி வந்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரையும் தேதியையும் எழுதி, இருந்தபடியே வைத்துவிட்டுப் போகிறார்கள். பெரிய டப்பா என்றால் பொம்மை, நாணயம் மாதிரி சிறு பொருள்களும் இருக்கும். ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். டப்பா ராணுவத் தோட்டாப் பெட்டியாக இருக்கலாம், பழைய பிலிம் ரோல் டப்பாவாக இருக்கலாம், கம்பிவேலியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுண்டுவிரல் நக அளவுக் காந்தக் குப்பியாகவும் இருக்கலாம். இப்படி உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. விஷயம் தெரியாத மற்ற மனிதர்களை ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்த ‘மகிள்’ என்ற பெயரில் ஆட்டக்காரர்கள் குறிப்பிடுவார்கள். மகிள் கையில் சிக்குவதுதான் ஒரு டப்பாவுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து.

உல்மர் வாளி வைத்த தேதி தற்செயலானது அல்ல. அதற்கு முன்வரை ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. செயற்கைக்கோளின் கடிகார நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி அனுப்புவார்கள்; ராணுவக் கருவிகளுக்கு மட்டும் அந்த ஆட்டத்தைக் கழித்துக்கொள்ளும் வழி தெரியும். பொதுமக்கள் வாங்கும் கருவியை மேசை மேல் அசையாமல் வைத்தாலும், திரையில் அது நகர்ந்துகொண்டே இருப்பதாகக் காட்டும். பிழை சுமார் 100 மீட்டர் வரை போகும். அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளின்டனின் உத்தரவுப்படி 2000 மே 1 நள்ளிரவில் இந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் உலகில் இருந்த ஜிபிஎஸ் கருவிகள் எல்லாம், வாங்கியவர் ஒரு பைசா செலவழிக்காமல், பல மடங்கு துல்லியமாகிவிட்டன. உல்மர் அதைச் சோதித்துப் பார்க்கத்தான் வாளியை வைத்தார்.

இந்த மாற்றத்தின் அளவை நில அளவில் பார்த்தால் நன்றாகப் புரியும். 100 மீட்டர் பிழை என்றால், டப்பா 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 31,400 சதுர மீட்டர், அதாவது ஏழே முக்கால் ஏக்கர். காட்டில் ஏழே முக்கால் ஏக்கரைப் புதர் புதராக விலக்கிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? திறந்த வானத்தின் கீழ் இன்றைய கைப்பேசியின் பிழை சுமார் 5 மீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர மீட்டர். இரண்டு சென்ட் கூட முழுதாக வராது. பிழை இருபதில் ஒரு பங்காகக் குறைந்தால், தேட வேண்டிய பரப்பு நானூறில் ஒரு பங்காகிவிடுகிறது. விளையாட்டுக்குத் தோதான அளவு அதுதான். இன்னும் துல்லியம் கூடி, கருவி டப்பாவின் மேலேயே கொண்டு போய் நிறுத்திவிட்டால், பிறகு தேடுவதற்கு என்ன இருக்கிறது?

இந்த இரண்டு சென்ட்டை எட்டுவதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு அசாத்தியமானது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் “நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது” என்ற செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த ரேடியோ அலை நம்மை அடைய ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். சிக்கல் எங்கே என்றால், ஒளி ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் போய்விடுகிறது. கடிகாரம் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். ஆகவே செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் வைக்கிறார்கள். நம் கைப்பேசியிலோ மலிவான குவார்ட்ஸ் கடிகாரம்தான் இருக்கிறது. அதன் பிழையையும் இன்னொரு விடை தெரியாத எண்ணாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு நேரமும் சேர்ந்து நான்கு கேள்விகள். அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கண்ணில் பட வேண்டும்.

ஐன்ஸ்டைனும் இதில் பங்குதாரர். புவியீர்ப்பு குறைவான உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும். வேகமாகச் சுற்றுவதால் கொஞ்சம் மெதுவாகவும் ஓடும். கூட்டிக் கழித்தால், மேலே இருக்கும் கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி முந்துகிறது. இதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் சுமார் 11 கிலோமீட்டர் பிழை சேரும். ஒரு பிலிம் ரோல் டப்பாவைத் தேடிப் போகிறவர் பொதுச் சார்பியல் கோட்பாட்டைப் பயன்படுத்திக்கொண்டுதான் போகிறார்.

இவ்வளவு செய்தும் 5 மீட்டர் ஏன் மிச்சம் நிற்கிறது? வழியில் இருக்கும் காற்றுதான் பெரிய காரணம். சூரிய ஒளி மேல் வளிமண்டலத்தின் அணுக்களை உடைத்து மின்னேற்றம் பெற்ற துகள்களாக்கி வைத்திருக்கிறது. இந்த அயனி மண்டலத்துக்குள் நுழையும் சிக்னல் சற்றுத் தாமதிக்கிறது. கருவி அதைக் கூடுதல் தூரமாக எண்ணிக்கொள்கிறது. இந்த விஷயத்தில் தென்தமிழகத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அங்கே சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி மேலெழுகின்றன. அவற்றைக் கடந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் நட்சத்திரம் போல மினுங்கும். சில சமயம் கருவியின் பிடியிலிருந்தே நழுவிவிடும். இந்திய புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பது இந்தப் பகுதியின் மேல்வானத்தைக் கவனிக்கத்தான். ஓரிகன் காட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே மரங்கள் இருக்கின்றன. ஈர இலைகள் சிக்னலை விழுங்கும். பாறையும் கட்டடச் சுவரும் அதைத் திருப்பி அடிக்கும். சுற்றி வந்த சிக்னலை நேர் சிக்னல் என்று நம்பும் கருவி நம்மைப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தும்.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டப்பாவை ஒளித்தவரும் ஒரு கருவியை வைத்துத்தான் எண்களைக் குறித்தார். அவருடைய 5 மீட்டரும் உங்களுடைய 5 மீட்டரும் சேர்ந்தால், புள்ளியியல் கணக்குப்படி மொத்தப் பிழை சுமார் 7 மீட்டர். இரண்டு சென்ட் நான்கு சென்ட்டாகிவிட்டது. அனுபவசாலிகள் டப்பா வைத்த இடத்தில் நெடுநேரம் நின்று, பல அளவீடுகள் எடுத்துச் சராசரி போட்டுத்தான் எண்களை வெளியிடுவார்கள்.

ஆக, இவ்வளவு பெரிய ஏற்பாடு நம்மை ஒரு வீட்டுமனை அளவு இடத்தின் நடுவில் நிறுத்திவிட்டுக் கைகழுவிக்கொள்கிறது. மிச்ச வேலை கண்ணுடையது. கண் இந்த வேலையில் நாம் நினைக்கிற அளவுக்குச் சமர்த்து அல்ல.

அமெரிக்க ஆய்வாளர் ஜெரமி வுல்ஃப் தன் சகாக்களுடன் 2005இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. விமான நிலையத்துப் பெட்டிச் சோதனை போல, குழப்பமான படங்களுக்குள் ஒரு குறிப்பிட்ட பொருளைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் அந்தப் பொருள் இருந்தபோது, தவறவிட்டது 7 சதவீதம். நூறில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். அரிதாகக் கிடைப்பதைத் தேடும்போது மூளை சீக்கிரமே “இங்கே ஒன்றுமில்லை” என்று முடிவு கட்டி அடுத்ததற்குப் போய்விடுகிறது. 2013இல் வந்த இன்னொரு சோதனை இன்னும் வேடிக்கையானது. நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களில் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க நிபுணர்களிடம் கொடுத்தார்கள். படத்தின் மூலையில் ஒரு கொரில்லா உருவத்தை ஒட்டியிருந்தார்கள். சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோரின் பார்வை கொரில்லாவின் மேலேயே பட்டிருந்தது தெரிந்தது. சின்ன வெள்ளைக் கட்டிக்காக மூளை தயாராக இருந்தது. வேறு எதுவும் அதன் கணக்கில் வரவில்லை.

ஜியோகேஷ் தேடுகிறவருக்கு நடப்பதும் இதுதான். மனதில் தோட்டாப் பெட்டியின் படத்தை வைத்துக்கொண்டு வருகிறார். டப்பாவோ வேலியில் முறுக்கிய ஒரு போல்ட் வடிவத்தில், உள்ளே குடைந்து, சுருட்டிய தாளோடு இருக்கிறது. அரை மணி நேரம் அதன் மேலேயே கை வைத்துக்கொண்டு நிற்பார், கண்ணில் படாது. அனுபவம் கூடக்கூட இவர்கள் பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு, இயற்கைக்குப் பொருந்தாத ஒழுங்கைத் தேடத் தொடங்குகிறார்கள். காட்டில் உதிர்ந்த குச்சிகள் ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கி விழாது. மரப்பொந்தின் வாயில் இருக்கும் பட்டைத் துண்டு அந்த மரத்தின் பட்டையாக இருக்க வேண்டும். ஒரு கல்லின் பாசி படிந்த பக்கம் கீழே இருந்தால் அதை யாரோ சமீபத்தில் புரட்டியிருக்கிறார்கள்.

தற்செயலாகக் கண்டெடுப்பவரிடம் இந்தப் பயிற்சி கிடையாது. ஆனால் அவருக்கு அந்த இடம் தெரியும். அந்த வேலிக்கு ஆண்டுதோறும் வண்ணம் அடிப்பவருக்கு, போல்ட் தேவையே இல்லாத இடத்தில் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருப்பது பார்த்த மாத்திரத்தில் உறுத்தும். விளக்குக் கம்பத்தின் அடியில் இருக்கும் உலோக மூடியைத் தூக்கிப் பார்க்க மின்வாரிய ஊழியருக்குக் காரணம் உண்டு. அமெரிக்க வாகன நிறுத்துமிடங்களில் அந்த மூடிக்கு அடியில் ஒளித்து வைப்பது மிகப் பழகிப்போன உத்தி. தினமும் ஒரே பாதையில் நாயோடு நடப்பவருக்கு, நேற்று இல்லாத கற்குவியல் இன்று இருப்பது தெரியும். நாய்க்கு அது முன்பே தெரிந்துவிட்டிருக்கும். குழந்தைகளின் கண் இருக்கும் உயரம் வேறு. பெரியவர்கள் குனிந்து பார்க்காத பெஞ்சின் அடிப்பக்கம் அவர்களுக்கு நேர்ப்பார்வையில் இருக்கிறது.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிஜ அறையிலும் கணினியில் உருவாக்கிய அறையிலும் மனிதர்களை ஒளிக்கவும் தேடவும் வைத்துப் பார்த்தார்கள். ஒளிக்கும்போது நாம் தேர்ந்தெடுக்கும் இடங்களும் தேடும்போது தேர்ந்தெடுக்கும் இடங்களும் ஒன்றல்ல என்பது அதில் தெரிந்தது. ஒளிப்பவர் தேடுபவரின் மனதைக் கணித்து விலகிப் போகப் பார்க்கிறார். ஆனால் புல் வெட்டுபவரின் மனதை யார் கணிக்கிறார்கள்? உல்மர் தன் வாளியைப் பூமியின் இரண்டு எண்களோடு பொருத்தி வைத்தார். அந்தச் சாலையோரத்தில் எப்போது, எவ்வளவு அகலத்துக்குப் புல் வெட்டுவார்கள் என்ற கணக்கு அவரிடம் இருந்திருக்க வாய்ப்பில்லை. டப்பா ஒளிக்க வசதியான இடம் என்றால் பாதைக்கு அருகே, கைக்கு எட்டும் உயரத்தில், ஏதோ ஒரு மறைவில் இருக்க வேண்டும். சிகரெட் பிடிக்க ஒதுங்குகிறவர், மழைக்கு ஒதுங்குகிறவர், அவசரத்துக்கு ஒதுங்குகிறவர் எல்லாருக்கும் தோதான இடமும் அதே மறைவுதான்.

விலங்குகளும் தற்செயல் கண்டுபிடிப்பாளர்கள்தான். டப்பாவுக்குள் தின்பண்டம் வைக்கக் கூடாது என்பது இன்றைய விதி. மிட்டாய் வாசனைக்கு அணில் பிளாஸ்டிக்கைக் கடித்துத் துளை போட்டுவிடும். கரடி நடமாடும் பகுதி என்றால் டப்பாவே மிஞ்சாது. முதல் வாளியில் உணவு டின் இருந்ததும், வாளி பாதி புதைந்திருந்ததும் இன்றைய விதிகள் இரண்டையுமே மீறியவை. மண்ணைத் தோண்டிப் புதைக்கவும் இப்போது அனுமதி இல்லை.

கண்டெடுத்தவர் அடுத்து என்ன செய்வார் என்பது, அந்தப் பொருள் தன்னைப் பற்றி அவருக்கு என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷரில் வெதர்பி என்ற சந்தை நகரம் இருக்கிறது. 2011 ஜூலையில் அங்கே ஒருவர் தெருவில் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி ஏதோ செய்வதைப் பார்த்தவர்கள் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். தெருவைக் காலி செய்து, ராணுவத்தின் வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்து, பெட்டியை வெடித்துச் சிதறடித்தார்கள். உள்ளே இருந்தது ஜியோகேஷ். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. நாலு பேர் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஒரு மூடிய டப்பாவைப் பொது இடத்தில் வைத்துவிட்டு நகர்வது எப்படிப் பார்த்தாலும் சந்தேகத்துக்குரிய செய்கைதான். தோட்டாப் பெட்டியில் ராணுவ எழுத்துகள் அப்படியே இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் டப்பாவின் மேல் இது ஜியோகேஷ் என்று எழுதி வைப்பதும், உள்ளே தற்செயலாகத் திறந்தவருக்கு ஒரு விளக்கக் கடிதம் வைப்பதும் வழக்கமாகிவிட்டன. பலரும் வேடிக்கைக்கு என்று நினைக்கும் அந்தக் கடிதம், என் பார்வையில், டப்பாவுக்குள் இருப்பவற்றில் முக்கியமானது. பூட்டைவிட அது டப்பாவை நன்றாகக் காக்கிறது.

தூரத்தாலேயே தற்செயலைத் தவிர்த்த காலமும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் புல்வெளியில், கிரான்மியர் குளம் என்ற எளிதில் எட்ட முடியாத சதுப்பு இடத்தில், 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு புட்டியை வைத்தார். நடந்து வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அதிலிருந்து வளர்ந்த லெட்டர்பாக்ஸிங் என்ற பொழுதுபோக்கு இன்றும் அங்கே இருக்கிறது. செயற்கைக்கோளுக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய ஜியோகேஷ் என்று அதைச் சொல்லலாம். மறுகோடியில், 2008இல் விண்வெளிச் சுற்றுலா சென்ற ரிச்சர்ட் கேரியட் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு ஜியோகேஷை ஏற்படுத்திவிட்டு வந்தார். 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் கருவி ஒன்றிலும் ஜியோகேஷ் ஆட்டக்காரர்கள் பதிவு செய்யக்கூடிய குறியீடு இருக்கிறது. நாயோடு நடப்பவர்கள் அங்கே வரப்போவதில்லை.

கீழே இருக்கும் டப்பா ஒன்று உங்கள் கையில் சிக்கினால் என்ன செய்வது? திறந்து பார்க்கலாம், தாளில் பெயர் எழுதலாம், தற்செயலாகக் கிடைத்தது என்று சேர்த்து எழுதினால் சொந்தக்காரர் சந்தோஷப்படுவார். நாய்ச் சங்கிலியில் தொங்கும் பட்டை மாதிரி எண் பொறித்த உலோகத் தகடு இருந்தால் அதை எடுக்க வேண்டாம். அது ஊர் ஊராகப் பயணம் செய்துகொண்டிருப்பது, ஒவ்வொரு இடமும் இணையத்தில் பதிவாகிறது. பலரும் செய்யும் தவறு வேறு. “இங்கே இருந்தால் யாராவது எடுத்துவிடுவார்கள்” என்று நல்லெண்ணத்தோடு பத்தடி தள்ளி, இன்னும் பத்திரமான மறைவில் வைத்துவிடுவார்கள். பத்தடி என்பது 3 மீட்டர். ஏற்கெனவே 7 மீட்டர் பிழையோடு தடுமாறுகிறவருக்கு அது பரப்பில் இன்னும் நான்கு சென்ட்டைக் கூட்டிவிடும். பட்டைத் துண்டு, கல் என்று ஒளித்தவர் விட்டுவைத்த அடையாளங்களும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். அடுத்தடுத்து வருகிறவர்கள் “கிடைக்கவில்லை” என்று பதிவு போடுவார்கள். நாலைந்து பதிவு சேர்ந்ததும் சொந்தக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, தான் வைத்த பொந்தைப் பார்ப்பார், காலியாக இருக்கும். டப்பா தொலைந்துவிட்டது என்று முடிவு செய்து அதே பொந்தில் இன்னொன்றை வைத்துவிட்டுப் போவார்.